அன்ரிபயோட்டிக் எடுக்கும்போது இரத்தம் கசிந்தால்...

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவை அவரது மகள் எனது கிளினிக்குக்கு அழைத்து வந்தார். (அவரை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மாவின் இரண்டு கைகளிலும் நீலமாகக் கண்டியிருந்தது. எங்கும் விழவில்லை, எதிலும் அடிபடவில்லை. இரண்டு நாட்களாகப் பல் தீட்டும்போது முரசால் இரத்தம் வருவதாகச் சொன்னார். இன்னொன்றைச் சொல்லக் கூச்சப்பட்டு, மகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்: மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது.

அவருக்குச் சிறுவயதில் ஊரில் ருமற்றிக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதாகி, கனடா வந்த பின்னர் உலோக வால்வு பொருத்தப்பட்டிருந்தது. அந்த வால்வில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க இருபது வருடங்களாக வார்ஃபரின் குளிசை எடுத்து வந்தார். இக்குளிசை எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம். சாதாரண ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும். இந்த அம்மாவுக்கு 2.5 இற்கும் 3.5 இற்கும் இடையில் இருக்க வேண்டும். நான் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினேன். அங்கு பார்த்தபோது 10 இற்கும் மேல் இருந்தது. எட்டு நாட்கள் வைத்தியசாலையில் இருந்து, இரத்தம் ஏற்றி, உயிர் தப்பி வீடு வந்தார்.

என்ன நடந்தது என்று பின்னர் விசாரித்தேன். அதற்கு முந்தைய வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சலக்கடுப்பு. வழமையான வைத்தியர் இல்லாத நாள் என்பதால் பேரன் ஒரு வோக்-இன் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறார். தாதி பிரெஞ்சில் முறையாகத்தான் கேட்டார்: இரத்தத்தை இளக்கும் மருந்து ஏதும் எடுக்கிறாரா? பதினேழு வயதுப் பேரன் மொழிபெயர்த்தார்: "அம்மம்மா, இரத்தத்துக்கு ஏதும் மருந்து எடுக்கிறனீங்களோ?" அம்மம்மாவின் பதில்: "இல்லையப்பு, எனக்கு இரத்தத்தில ஒரு வருத்தமும் இல்லை. நான் இருதயத்துக்குத்தானே குளிசை போடுறனான்." பேரன் தாதியிடம் "இல்லை" என்றார். கோ-ட்ரைமொக்ஸசோல் என்ற அன்ரிபயோட்டிக் எழுதிக் கொடுக்கப்பட்டது. (செப்ட்ரா, பக்ட்ரிம் என்ற பெயர்களில் பலருக்கும் தெரிந்த அதே குளிசைதான்.) வழமையான பாமசி பூட்டியிருந்ததால் அவரைத் தெரியாத வேறொரு பாமசியில் வாங்கினார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது? கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் மருந்துகளுக்குப் பெயர் கிடையாது. "இருதயக் குளிசை", "காலமை போடுற வெள்ளைக் குளிசை", "பிறசர் குளிசை" என்றுதான் பேச்சு. அந்தப் பழக்கம்தான் இந்த அம்மாவை அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விட்டது என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்ரிபயோட்டிக் எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இரத்தக்கசிவு எதுவும் ஏற்படுவதில்லை. இக்கட்டுரையை வாசித்துவிட்டு நியூமோனியாவுக்குத் தந்த குளிசையைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அதனால் வரும் ஆபத்து இதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆனால் ஒரு சிலருக்கு, அதிலும் குறிப்பிட்ட சில நிலைமைகளில் உள்ளவர்களுக்கு, இது நடக்கும். அவர்கள் யார், ஏன் நடக்கிறது என்று தெரிந்திருந்தால் அதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

விற்றமின் கே என்ன செய்கிறது?

குழந்தை பிறந்ததும் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள், நினைவிருக்கிறதா? அது விற்றமின் கே. பிறந்த குழந்தையின் உடலில் அது மிகக் குறைவு. தாய்ப்பாலிலும் குறைவு. குடலில் அதை உருவாக்கும் பக்டீரியாக்களும் இன்னும் குடியேறவில்லை. ஊசி போடாவிட்டால் ஒரு சில குழந்தைகளுக்கு மூளையில்கூட இரத்தம் கசியலாம்.

எமது ஈரல் இரத்தத்தை உறையச் செய்யும் பல காரணிகளை உருவாக்குகிறது. அவற்றில் 2, 7, 9, 10 என்ற எண்களால் குறிக்கப்படும் நான்கும் வேலை செய்ய வேண்டுமானால் விற்றமின் கே தேவை. ஒரு தடவை பயன்பட்டதும் அந்த விற்றமின், வெட்டி வெட்டி மழுங்கிய கத்தி போலாகிவிடும். ஈரல் அதைத் திரும்பத் தீட்டி மறுபடியும் பயன்படுத்தும். வார்ஃபரின் செய்வது, அந்தச் சாணைக்கல்லை எடுத்து ஒளித்துவைப்பதுதான். கத்தி மழுங்கியே கிடக்கும், இரத்தம் உறைவது தாமதமாகும்.

வார்ஃபரினின் கதை கனடாவுக்கும் சொந்தமானது. 1920களின் தொடக்கத்தில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் மாடுகள் காரணமின்றி இரத்தம் கசிந்து இறந்தன. கொம்பு வெட்டினாலே இரத்தம் நிற்காது. ஒன்ராறியோவின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பிராங்க் ஸ்கோஃபீல்ட் என்பவர், பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்கே இது வருகிறது என்று கண்டுபிடித்தார். (இவரைக் கொரியர்கள் தெய்வமாகப் போற்றுகிறார்கள். 1919இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான அவர்களது போராட்டத்தை ஆதரித்த இவரது உடல் சியோலின் தேசிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அது வேறு கதை.) பின்னர் விஸ்கொன்சினில் கார்ல் லிங்க் குழுவினர் அந்த வைக்கோலிலிருந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதிக்கப்பட்டது. "எலி மருந்தையோ எனக்குத் தாறியள்?" என்று சில ஐயாமார் என்னிடம் கோபிப்பதுண்டு. அளவோடு எடுத்தால் உயிர் காக்கும், அளவு மீறினால் மாட்டுக்கு நடந்ததுதான் எமக்கும் நடக்கும்.

அளவு எப்படி மீறுகிறது?

அந்த அம்மா ஒரு குளிசைகூடக் கூட எடுக்கவில்லை. அப்படியானால் அளவு மீறியது எப்படி?

வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள நொதியங்கள். கோ-ட்ரைமொக்ஸசோல், மெட்ரோனிடசோல் (ஊரில் வயிற்றோட்டத்துக்குக் கேட்டு வாங்கிய பிளஜில்தான் இது) ஆகியன அந்த நொதியத்தை முடக்கிவிடும். அன்ரிபயோட்டிக் இல்லையென்றாலும், பூஞ்சணத் தொற்றுக்குத் தரும் புளுகொனசோலும் அப்படியே. வழமையான அளவு வார்ஃபரின் எடுத்தாலும் அது வெளியேறாமல் நாளுக்கு நாள் சேரும். சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் ஆகியவற்றோடும் ஐ.என்.ஆர். ஏறக்கூடும். பெரும்பாலும் மூன்று தொடக்கம் ஐந்து நாட்களுக்குள் ஏற்றம் தெரியத் தொடங்கும். முதல் நாள் ஒன்றும் நடக்காததால் "எனக்கு ஒத்துக்கொண்டது" என்று நினைத்துவிடுகிறோம்.

குடலிலுள்ள பக்டீரியாக்களை அன்ரிபயோட்டிக் கொல்வதால் விற்றமின் கே குறைகிறது என்பதும் பலர் சொல்லும் காரணம். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் முழுக் காரணம் அல்ல. வழமைபோலச் சாப்பிடும் ஒருவருக்கு உணவிலிருந்தே போதிய விற்றமின் கே கிடைத்துவிடும். காய்ச்சலோடு நாலைந்து நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்படுகிறது. காய்ச்சலும் தானாகவே ஐ.என்.ஆரை ஏற்றும். காய்ச்சலுக்கென்று நாளாந்தம் தொடர்ந்து எடுக்கும் ரைலனோல், அதாவது ஊரில் பனடோல் என்ற அதே மருந்து, அதையும் ஏற்றும்.

இது எவ்வளவு அரிது? ஒன்ராறியோவில் வார்ஃபரின் எடுக்கும் 66 வயதும் அதற்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2010இல் வெளியானது. இரைப்பைப் பக்கம் இரத்தக்கசிவு ஏற்பட்டு வைத்தியசாலையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அண்மையில் கோ-ட்ரைமொக்ஸசோல் எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்காகவும், சிப்ரோபுளொக்சசின் எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் இருந்தது. அதே சலக்கடுப்புக்குத் தரப்படும் நைற்றோபியூரன்ரொயின், அமொக்சிசிலின் போன்றவற்றோடு அப்படியான தொடர்பு தெளிவாகக் காணப்படவில்லை. வைத்தியருக்குத் தெரிந்திருந்தால் வேறு மருந்து எழுதியிருப்பார் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

"இப்ப புதுக் குளிசை வந்திருக்கு, அதுக்கு இரத்தம் சோதிக்கத் தேவையில்லை" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எலிக்குயிஸ், சரெல்டோ, பிரடாக்சா, லிக்சியானா ஆகியவற்றைத்தான் சொல்கிறார்கள். இருதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கும், காலில் இரத்தக்கட்டி ஏற்பட்டவர்களுக்கும் இவை மிக நல்ல மருந்துகள். (உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை பொருந்தாது, அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான்.) ஆனால் இவையும் உடலில் சேரக்கூடும். 2020இல் வெளியான இன்னொரு ஒன்ராறியோ ஆய்வு, இக்குளிசைகளை எடுக்கும் முதியவர்களில் கிளரித்ரோமைசின் பெற்றவர்களையும் அசித்ரோமைசின் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. 30 நாட்களுக்குள் பெரிய இரத்தக்கசிவோடு வைத்தியசாலைக்குப் போனவர்கள், முதலாவது பிரிவில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 8 பேர், இரண்டாவதில் ஏறத்தாழ 4 பேர். ஆயிரத்தில் எட்டு என்பது சிறிய எண்தான். அந்த எட்டில் ஒருவராக எங்கள் அம்மா இருக்கக்கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

எம்மவரிடையே இது முக்கியமாகும் ஓர் இடம் உண்டு. வயிற்றெரிவுக்குச் சோதித்து "எச். பைலோரி" என்ற கிருமி இருப்பதாகச் சொல்லப்படுபவர்கள் எம்மில் பலர். அதற்குத் தரும் கூட்டுச் சிகிச்சையில் பல தடவைகளில் கிளரித்ரோமைசினோ மெட்ரோனிடசோலோ, சில வேளை இரண்டுமோ இருக்கும். அதுவும் இரண்டு வாரங்களுக்கு.

நானும் ஒரு தடவை தவறியிருக்கிறேன். பல் வேருக்குள் சீழ் கட்டி வந்த ஒருவருக்கு அவசரத்தில் மெட்ரோனிடசோல் எழுதிவிட்டேன். அவரது வார்ஃபரினை இருதய கிளினிக் கவனித்து வந்ததால் அது என் கோப்பில் முன்பக்கத்தில் இல்லை. அரை மணி நேரத்தில் மருந்தாளர் தொலைபேசி எடுத்து, "டொக்டர், இவர் வார்ஃபரின் எடுக்கிறவர்" என்றார். அந்த அழைப்புக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்காதவர்களுக்கு?

அவர்களுக்கும் வரலாம், ஆனால் இன்னும் அரிது. சிலரில் அன்ரிபயோட்டிக்கும் இரத்தச் சிறுதட்டுக்களும் சேரும்போது, உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தவறாகப் புரிந்துகொண்டு சிறுதட்டுக்களை அழித்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 தொடக்கம் 400,000 வரை இருக்க வேண்டிய இச்சிறுதட்டுக்கள் 20,000 இற்கும் கீழே இறங்கிவிடலாம். முதல் தடவையாக ஒரு மருந்தை எடுப்பவருக்கு இது ஐந்து தொடக்கம் பத்து நாட்களுக்குப் பின்னரே பெரும்பாலும் தெரியவரும். கணுக்காலிலும் காலிலும் ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையாதவை, வாயில் இரத்தக் கொப்புளங்கள், மூக்கால் இரத்தம். கோ-ட்ரைமொக்ஸசோல், வன்கோமைசின், ரிபாம்பிசின், பெனிசிலின் வகைகள் எல்லாம் இதைச் செய்ததாகப் பதிவாகியுள்ளன. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாரமளவில் சரியாகிவிடும். ஆனால் அந்த மருந்தை வாழ்நாளில் திரும்ப எடுக்கக்கூடாது. இதை உங்கள் ஒவ்வாமைப் பட்டியலில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் ஊசி மூலம் ஏற்றும் சில மருந்துகளும் உண்டு. 1980களில் மொக்சலக்ரம் என்ற ஊசி மருந்தால் நோயாளிகளில் கடுமையான இரத்தக்கசிவு ஏற்பட்டது. அதன் மூலக்கூறில் இருந்த ஒரு சிறு பக்கச் சங்கிலி, வார்ஃபரின் போலவே சாணைக்கல்லை ஒளித்துவைத்தது. அதே பக்கச் சங்கிலியுள்ள செபோபெரசோன் இந்தியாவின் வைத்தியசாலைகளில் இன்றும் தாராளமாகப் பயன்படுகிறது. ஊரில் அல்லது சென்னையில் சத்திரசிகிச்சைக்கு உறவினரைச் சேர்ப்பவர்கள், அவர் சாப்பிடாமல் கிடந்தால், அல்லது சிறுநீரகமோ ஈரலோ பழுதாகியிருந்தால், "விற்றமின் கே கொடுக்க வேண்டுமா?" என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை.

கசத்துக்கான மருந்து: நேர்மாறான ஆபத்து

ரிபாம்பிசின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடிவரவுச் சோதனையில் உறங்கும் கசம் இருப்பதாகத் தெரிந்து பலர் இதை எடுக்கிறார்கள். மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிக் மென்சீஸ் தலைமையில் ஒன்பது நாடுகளில் 6,000 இற்கும் மேற்பட்ட வளர்ந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஒன்பது மாத ஐசோனியசிட்டுக்குப் பதிலாக நான்கு மாத ரிபாம்பிசின் போதும், பக்கவிளைவும் குறைவு என்று அது காட்டியது. இது நல்ல செய்தி. ஆனால் ரிபாம்பிசின் ஈரல் நொதியங்களை முடக்குவதில்லை, மாறாக முடுக்கிவிடும். வார்ஃபரின் வேகமாக வெளியேறி இரத்தம் உறையத் தொடங்கும். அதைச் சமாளிக்க வைத்தியர் வார்ஃபரினின் அளவைக் கூட்டுவார். நான்கு மாதம் முடிந்து ரிபாம்பிசினை நிறுத்தியதும், கூட்டிய அளவு அப்படியே இருந்தால் அடுத்த சில வாரங்களில் இரத்தக்கசிவு வரலாம். மருந்து முடிந்த சந்தோஷத்தில் சோதிக்க மறக்கும் காலம் இதுதான். எலிக்குயிஸ் போன்ற புதிய குளிசைகளோடு ரிபாம்பிசின் சேர்வதையே பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

என்ன செய்யலாம்?

உங்கள் பாமசியில் கேட்டால் நீங்கள் எடுக்கும் மருந்துகளின் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டுத் தருவார்கள். அதை மடித்து மெடிக்கெயார் அட்டையோடு, அதாவது சூரியன் படம் போட்ட அந்த அட்டையோடு, வைத்திருங்கள். ஊரிலிருந்து வந்த குளிசைகள், யாராவது பயணம் போய் வரும்போது கொண்டுவந்து தரும் மருந்துகள் எந்தக் கணினியிலும் பதிவாகியிருக்காது. அவற்றைப் பேனையால் எழுதிச் சேருங்கள். முடிந்தவரை எல்லா மருந்தையும் ஒரே பாமசியில் வாங்குங்கள். கியூபெக்கில் மருந்தாளர்களுக்கு 2015 தொடக்கம் இரத்தப் பரிசோதனைக்கு எழுதவும், சில மருந்துகளின் அளவை மாற்றவும் அதிகாரம் உண்டு. "வைத்தியரைத்தான் கேட்பேன்" என்று நிற்க வேண்டாம்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், பிரெஞ்சு தெரியாவிட்டாலும், இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்குங்கள்: "ஜு ப்ரான் அன் அன்ரிகோஅகுலான்." பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது "இரத்தத்துக்கு மருந்து எடுக்கிறீங்களோ" என்று கேட்காமல், குளிசைப் போத்தலையே தாதியிடம் காட்டச் சொல்லிக்கொடுங்கள். வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கவும் தயங்க வேண்டாம். பேரப்பிள்ளையின் தோளில் இந்தப் பாரத்தை வைக்கத் தேவையில்லை. அந்தப் பேரன் பல மாதம் தூங்கவில்லை என்று மகள் சொன்னார்.

வார்ஃபரின் எடுப்பவருக்குப் புதிதாக ஓர் அன்ரிபயோட்டிக் தொடங்கினால் மூன்று தொடக்கம் ஐந்து நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், முடிந்த பின்னர் இன்னொரு தடவை. யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். உடல் நோவுக்கு அட்வில், வொல்ரறன், அஸ்பிரின் ஆகியவற்றை உங்கள் பாட்டில் சேர்க்காதீர்கள்.

காரணமில்லாத கண்டல், முரசால் அல்லது சலத்தோடு இரத்தம், வழமைக்கு மாறான மாதவிடாய்ப் பெருக்கு போன்றவை தெரிந்தால் அன்றே 811 இற்கு அழைத்துத் தாதியோடு பேசுங்கள், அல்லது மருந்தாளரைக் கேளுங்கள். கறுப்புத் தார் போன்ற மலம், இரத்த வாந்தி, பத்து நிமிடம் அழுத்தியும் நிற்காத மூக்கு இரத்தம், திடீரென்ற கடும் தலையிடி, பேச்சுக் குழறல், தலையில் அடிபடுதல் என்றால் 911. வார்ஃபரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். உலோக வால்வு உள்ளவர் பயத்தில் நிறுத்திப் பாரிசவாதத்தோடு வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, என்னிடம் எப்போதும் கேட்கப்படும் கேள்வி: "டொக்டர், கீரை சாப்பிடலாமோ?" சாப்பிடலாம். பச்சை இலைகளில் விற்றமின் கே அதிகம் என்பது சரி, ஆனால் முற்றாக விலக்கத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கீரைக்கறியும் வல்லாரைச் சம்பலும் சாப்பிட்டுப் பழகியவர் அதையே தொடரட்டும், உங்கள் வார்ஃபரின் அளவு அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடிதான் வைக்கப்பட்டிருக்கிறது. திடீரென்று விரதம் பிடிப்பதும், திடீரென்று தினமும் கீரைச் சாறு குடிக்கத் தொடங்குவதும்தான் சிக்கல். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களுக்கு முன்னர் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த வாரத்தில் ஒரு ஐ.என்.ஆர். எடுத்துவிடலாம்.